டிஜே சேர்க்கை: அந்த 1.5 சதவீதம் நியாயமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ஆஷ்பர்னிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். "சார், தாமஸ் ஜெஃபர்சன் பள்ளிக்கு இருந்த நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு மிடில் ஸ்கூலுக்கும் 1.5 சதவீத இடம் என்று பிரித்தும் கொடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் குவிந்திருக்கும் பள்ளியில் என் மகள் படிப்பது அவள் குற்றமா? இது நியாயமா?"

நல்ல கேள்வி, கொஞ்சம் கோபமான கேள்வியும்கூட. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஜே என்று சுருக்கிச் சொல்வது அந்தத் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியைத்தான்; ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளி, அறிவியல், தொழில்நுட்பத்துக்கென்றே நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. பக்கத்துக் கவுன்டிகளான லவுடன் (ஆஷ்பர்ன் இருப்பது இங்கேதான்), ஆர்லிங்டன் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். 2020 கடைசியில் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் நீக்கினார்கள். இப்போது மதிப்பெண் சராசரி, கட்டுரைகள், அதோடு குடும்பம் ஏழ்மையானதா, பிள்ளை ஆங்கிலம் புதிதாகக் கற்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். அந்த 1.5 சதவீதம் ஒவ்வொரு மிடில் ஸ்கூலின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கையில்: எட்டாம் வகுப்பில் 600 பேர் இருக்கும் பள்ளி என்றால் அதற்கு 9 இடம் உறுதி. மிச்சம் ஏறத்தாழ 100 இடம் பொதுப் போட்டிக்கு.

முதல் ஆண்டே ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2022இல் கீழ் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2023இல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. மேல்முறையீட்டில் பார்த்த ஒரு கணக்கு முக்கியம்: விண்ணப்பித்தவர்களில் ஆசியப் பிள்ளைகள் ஏறக்குறைய 49 சதவீதம், இடம் கிடைத்தவர்களில் 54. 'எங்களை ஒதுக்கிவிட்டார்கள்' என்ற வாதம் அந்த இடத்தில்தான் இடறியது.

சரி, என் கருத்து என்ன? நம் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் எங்கே போவேன் என்று தெரியும். இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் பிரிக்கிற கோடு, கோடு என்று நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள், இன்னொரு தடவையும் கேளுங்கள். புதிய முறையின் முதல் ஆண்டில் 3,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், இடம் 550. 550ஆவது பிள்ளைக்கும் 551ஆவது பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. தேர்வு வைத்துக் கோடு போட்டாலும் அதே கதைதான், கட்டுரை வைத்துப் போட்டாலும் அதே கதைதான்.

பழைய தேர்வு மட்டும் சுத்தமான தராசா? ஒரு முறை அதே ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் ஹெர்ண்டனில் மச்சான் வீட்டில் தங்கியிருந்தேன், மருமகனை அந்தத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் விட நானும் கூடப் போனேன். சனிக்கிழமை காலை, பார்க்கிங்கில் பாதி நம் ஆட்கள். பக்கத்துக் காரின் பின்சீட்டில் ஒரு பையன் மடியில் கணக்குத் தாள், ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் பொடி தடவிய இட்லி. அவன் அப்பா என்னிடம் இருபது நிமிடம் எந்த மிடில் ஸ்கூல் எல்லைக்குள் வீடு வாங்கலாம் என்றே பேசினார். பயிற்சிக்குப் பிடிபடாது என்று சொல்லி ஒரு கணக்குத் தேர்வைக் கொண்டுவந்தார்கள், அதற்கும் பயிற்சி வந்துவிட்டது. பையன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காரும் அந்தச் சனிக்கிழமையும் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை, அதே 2020இல்தான் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதற்குக் கை தட்டிய நண்பர் ஒருவர் இந்த 1.5க்குக் கொதிக்கிறார். கேட்டால், "அது வேற சார்" என்கிறார்! (சிரிப்பு)

ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, அங்கே நீட் மதிப்பெண் வரிசைப்படிதான் அந்த இடங்களும் போகின்றன. அதனால் என் பதில் இதுதான் அம்மா: பள்ளிக்கு இத்தனை இடம் என்பது எனக்குச் சரியாகவே படுகிறது, தேர்வை அடியோடு எடுத்தது சரியாகப் படவில்லை. ஒரே பள்ளியில் ஐம்பது பேர் எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கியிருந்தால், கட்டுரையை வைத்து யாரை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று விடுபட்ட பிள்ளைக்கு எப்படி விளங்கும்? தேர்வும் இருக்கட்டும், பள்ளிவாரி ஒதுக்கீடும் இருக்கட்டும் என்பேன்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இடம் கிடைக்காத பிள்ளை எதை இழக்கிறது என்பது. பாஸ்டன், நியூயார்க் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளை வைத்து 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. எழுதியவர்களில் ஒருவர் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பின்னால் நோபல் வாங்கியவர். கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்பாடு எடுத்த மதிப்பெண்ணிலும் சேர்ந்த கல்லூரியிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. பார்த்தீர்களா, மறுபடியும் கோடு!

அதனால் கவுன்டி கூட்டத்தில் மைக் கிடைத்தால் 1.5 பற்றிக் கேட்காதீர்கள். என் மகள் போகப்போகிற சாதாரண உயர்நிலைப் பள்ளியில் கால்குலஸுக்கு மேல் என்ன கணக்கு இருக்கிறது, நல்ல ஆய்வுக்கூடம் ஏன் ஒரு கட்டடத்தில் மட்டும் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் லவுடனிலேயே லீஸ்பர்க்கில் அகாடமிஸ் ஆஃப் லவுடன் என்ற அறிவியல், தொழில்நுட்ப அரசுப் பள்ளி இருக்கிறது, அதையும் போய்ப் பாருங்கள். மகளுக்கு என் வாழ்த்து. அடுத்த கேள்வி சேலத்திலிருந்து, கல்விக் கடன் பற்றி.