சொத்து இருக்கா என்று வங்கி கேட்டால்

(திரையில்: மாவு பாக்கெட் அடுக்கிய சின்ன அறை)

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மாவுக்கு நல்ல கிராக்கி. ஒரு டில்டிங் கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வாங்கினால் இன்னும் பல கடைகளுக்குப் போடலாம். கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார். "உங்க பேர்ல சொத்து ஏதாவது இருக்கா?" இல்லை. "அப்போ வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

பெண்கள் தொழில் தொடங்காததற்குத் தைரியம் இல்லை, அனுபவம் இல்லை என்று காரணம் சொல்வார்கள். வீட்டு வேலை, பிள்ளைகள் எல்லாம் தடைதான். ஆனால் இன்றைக்குப் பேச வேண்டியது இது: அவர் பேரில் ஏன் சொத்து இல்லை?

(திரையில்: 1989, 2005, 2020)

சட்டத்தில் குறை இல்லை. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் இல்லை என்றிருந்தது. 2005-ல் மத்தியச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த விலக்கும் போனது. இது பிறப்பிலேயே வரும் உரிமை, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்புறம் அந்தப் பங்கு எங்கே போகிறது? சார்பதிவாளர் அலுவலகத்தில், விடுதலைப் பத்திரத்தில், அதாவது 'என் பங்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் போகிறது. "நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே. தம்பிக்கு ஒரு கையெழுத்து போட்டுக் கொடும்மா." போடாவிட்டால் தீபாவளிக்கு அழைக்க ஆள் வராது. பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி கிடைக்காது. புகுந்த வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் போய் நிற்க அந்த வாசல்தான் உண்டு. அதை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? என் கோபமெல்லாம் அந்தப் பயத்தை வைத்துக் கையெழுத்து கேட்பவர்கள்மேல்தான்.

சரி, போட்ட நகையாவது இருக்கிறதா? பல வீடுகளில் அது கணவரின் தொழிலுக்கோ வீடு கட்டவோ அடகுக்குப் போயிருக்கும். கட்டிய வீட்டின் பத்திரமும் அவர் பேரில்.

மிஞ்சுவது மகளிர் குழுக் கடன். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழுக்கள், வங்கிப் படி ஏறாத பெண்களை உள்ளே கூட்டிப் போயின. அது பெரிய காரியம். ஆனால் குழுவுக்குள் பிரித்துக்கொள்ளும் தொகையில் ஆடு வாங்கலாம், தையல் மெஷின் வாங்கலாம். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் தொழிலுக்கு அது பத்தாது.

(திரையில்: கடன் விண்ணப்பப் படிவம்)

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. அதாவது, அந்தக் கேள்வியையே கேட்டிருக்கக் கூடாது. கடன் இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு.

விடுதலைப் பத்திரம் உங்கள் முன்னால் வந்தால், அன்றைக்கே கையெழுத்து போடாதீர்கள். பட்டா, வில்லங்கச் சான்று எடுத்து, உங்கள் பங்கு எவ்வளவு பெறும் என்று முதலில் பாருங்கள். பதிவான பிறகு ரத்து செய்வது லேசில் நடக்காது.