ஒரு ரப்பர் வளையமும் 400 கிலோமீட்டர் தாமதமும்

எல்லோருக்கும் வணக்கம். போன காணொளியில், ஆயிலெல்லாம் சாலையில் கொட்டி இன்ஜின் கெட்டுப்போன என் காரை இழுவை வண்டியில் ஏற்றியதோடு நிறுத்தியிருந்தேன். இன்று ஷோரூமின் பதில் கடிதம் வந்துவிட்டது. கடைசி சர்வீஸை 400 கிலோமீட்டர் தாமதமாகச் செய்ததால் இன்ஜினுக்கு வாரண்டி பொருந்தாது என்று இரண்டே வரியில் கையைக் கழுவிவிட்டார்கள்.

தாமதித்தது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த சர்வீஸைச் செய்தவர்களே இவர்கள்தான். புது ஆயிலும் புது ஃபில்டரும் போட்ட பிறகு வண்டி ஓடியது வெறும் 600 கிலோமீட்டர். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அது நாளடைவில் கெட்டுக் கசடாகும், இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் மெல்லத் தேயும். இருந்த ஆயிலெல்லாம் ஒரே நாளில் சாலையில் கொட்டிப்போகாது.

இனி அந்த ரப்பர் வளையத்துக்கு வருகிறேன். ஆயில் ஃபில்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைப்பது அதுதான். மூன்று நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஃபில்டரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று படம்பிடிப்பேன் என்று அடம்பிடித்தேன். எதற்கெடுத்தாலும் கேமராவா என்று கேலி செய்வீர்களே, இப்போது பாருங்கள்: ஃபில்டரில் ஒரு வளையம், இன்ஜினில் அது பொருந்தும் இடத்தில் ஒட்டியபடி நசுங்கிப் பிதுங்கிய இன்னொரு வளையம். பழைய ஃபில்டரின் வளையத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறார்கள். இப்படி இரட்டையாக இருந்தால் கொஞ்ச நாள் தாங்கினாலும், ஆயில் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி விலகிய சில நிமிடங்களிலேயே சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, காலியாகிவிடும். அதன்பின் பேரிங்கில் உலோகத்தோடு உலோகம் உரசி இன்ஜின் சீஸ் ஆவதற்கு, அதாவது சுழல முடியாமல் இறுகிவிடுவதற்கு, அதிக நேரம் ஆகாது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்ததுமே ஓரங்கட்டி அணைத்துவிட்டேன், ஆனால் அதற்குள் உள்ளே தட்டும் சத்தம் கேட்டுவிட்டது. விளக்கு எரிந்த பின்னும் ஓட்டினீர்கள் என்று மேலாளர் வாயால் சொன்னாரே தவிர, கடிதத்தில் அதைக் காணோம். இன்ஜின் கணினியில் பதிவான விவரங்களை அச்சிட்டுக் கொடுங்கள் என்றதும் பேச்சு மறுபடி 400 கிலோமீட்டருக்குத் திரும்பிவிட்டது.

அந்தத் தாமதத்தால் எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். வெளி நிபுணர் பார்க்கும்வரை இன்ஜினைப் பிரிக்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தேன். கழற்றிய வளையத்தைக் குப்பையில் போடப்போன மெக்கானிக்கின் கையிலிருந்தே வாங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலேயே தேதியோடு அவர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இதோ, அந்த உறை.