அரீதா கேட்டதும் அவருக்குக் கிடைத்ததும்

(தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்தில் மகளிர் நாள் கூட்டத்தில் பேசியது)

தாய்மார்களே, தங்கைகளே, உட்கார இடமிருந்தும் கதவோரமே நிற்கிற ஐயாமார்களே, வணக்கம்.

சற்று முன் பிள்ளைகள் ஆடினார்களே, அமெரிக்கப் பாடகி அரீதா பிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்', அதாவது 'மரியாதை', அது முதலில் ஆண்பிள்ளைப் பாட்டு. 1965இல் ஓட்டிஸ் ரெடிங் எழுதிப் பாடியது. சம்பாதித்ததையெல்லாம் உன்னிடம்தான் கொடுக்கிறேன், வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் மரியாதை காட்டு என்கிறான் அதில் வருகிறவன். நம் வீடுகளில் கேட்காத பேச்சா?

1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரீதா அதைப் பதிவு செய்தார். வயது 24. பாட்டுக்குள் இருந்த ஆளையே மாற்றிவிட்டார். இப்போது பணம் பெண்ணின் கையில். உனக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறது, என் காசையும் தரப்போகிறேன், எனக்குரிய மரியாதையைக் கொடு என்கிறாள். 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாடுகிற இடம் ரெடிங்கிடம் கிடையாது, அரீதா சேர்த்தது. பின்பாட்டில் அவருடைய தங்கையும் அக்காவும். ஜூனில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடியவர்களும் பெண் விடுதலை பேசியவர்களும் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள்.

பெண்ணின் கூலியைப் பற்றி நமக்கு அமெரிக்கா பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்களுக்கு நேட்டால் கரும்புத் தோட்டத்தில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. பிறகு நம் பெண்கள் டர்பனின் தையல் ஆலைகளுக்குப் போனார்கள். கையில் சொந்தக் கூலி வந்த பெண்ணின் குரல் வீட்டில் எப்படி மாறியது என்பது இங்கே இருக்கிற ஆயாமார்களுக்குத் தெரியும். அரீதாவின் பாட்டில் எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான்.

ஆனால் ஒன்றை யாரும் மேடையில் சொல்வதில்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவர் பக்கத்துக்குப் பணம் உண்டு, பாடியவருக்கு இல்லை. இன்றைக்கும் சட்டம் அதுதான். உரிமையைக் கேட்டுப் பாடியவர் 2018இல் கண்மூடும் வரை, ஊரெல்லாம் ஒலித்த அந்த ஒலிபரப்புக்காக அவருக்குக் காசு வரவில்லை. ரெடிங் 1967 டிசம்பரிலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். அவர் குடும்பத்துக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, எழுதியவர் அவர்தானே.

பாட்டு தெம்பு தரும்; கணக்கை வேறு யாராவது கேட்க வேண்டும். 1956 ஆகஸ்ட் 9 அன்று கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியாவில் திரண்ட 20,000 பெண்களும் பாடத்தான் செய்தார்கள். கூடவே கட்டுக்கட்டாக மனுக்களும் கொண்டுபோனார்கள்.

காலையிலிருந்து பின்கட்டில் நமக்காகச் சமைக்கிற அம்மாக்களுக்கு இன்று கூலி உண்டா என்று வந்ததும் விசாரித்தேன். அது சேவையாம். ஒலிபெருக்கிக்காரத் தம்பிக்கு உண்டாம், நாற்காலி அடுக்குகிற பையன்களுக்கும் உண்டாம். செயலாளர் ஐயா முன்வரிசையில்தான் இருக்கிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்கிறேன்.