1878-ல ஒரு ஊரு, உள்ள போன ஏழாங்கிளாஸ் பசங்க

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னைக்கு ஒரு ஊரப் பத்தி பேசப்போறேன். பேரு ரிவர் சிட்டி. மேப்புல தேடாதீங்க, கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற ஊரு அது, அமெரிக்காவுல ஹார்வர்டுல கிறிஸ் டீடுன்னு ஒரு பேராசிரியரும் அவரு டீமும் ஸ்கூல் பசங்க சயின்ஸ் கத்துக்கறதுக்காகவே கட்டுனது.

உள்ள போனா வருஷம் 1878. ஊருல ஜனங்க வரிசையா நோய்ல படுக்குறாங்க, ஏன்னு யாருக்கும் புரியல. பசங்க ஆளுக்கொரு அவதார், அதாவது திரையில அவங்களுக்குப் பதிலா நடமாடுற உருவம், எடுத்துக்கிட்டு சின்னச் சின்ன குரூப்பா உள்ள போறாங்க. ஆத்துத் தண்ணிய எடுத்து மைக்ரோஸ்கோப்புல பாத்தா பாக்டீரியா ஓடிட்டு இருக்கும், உக்காந்து எண்ணணும். வேற எடத்துத் தண்ணில எத்தனை இருக்குன்னு மறுபடி எண்ணணும். கொசு புடிச்சுப் பாக்கணும், ஆஸ்பத்திரி ரெக்கார்ட பொரட்டணும், தெருவுல போறவங்க கிட்ட என்னாச்சுன்னு கேக்கணும். இதுல சிக்கல் என்னன்னா நோய் ஒண்ணு இல்ல, தண்ணியால வர்றது, கொசுவால வர்றது, ஆளுக்கு ஆள் ஒட்டிக்கிறதுன்னு மூணும் கலந்து கெடக்கு, அதனால ஒரு பையன் காரணம் கண்டுபுடிச்சிட்டேன்னு குதிச்சா பக்கத்துல இருக்குறவன் கையில இருக்குற டேட்டா ஒத்து வராது. எல்லாம் முடிஞ்சதும் என்ன நடந்துச்சு, என்ன செய்யணும்னு ஊர் மேயருக்கு லெட்டர் எழுதணும். பரீட்சை பேப்பர் இல்லங்க, லெட்டர்!

இதுல டயான் கெட்டெல்ஹட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2007-ல ஒண்ணு வெளியிட்டாங்க, அதப் படிச்சிட்டுத்தான் இந்த வீடியோவே எடுக்குறேன். ஏழாங்கிளாஸ் பசங்க 100 பேரு உள்ள என்னென்ன பண்ணாங்கன்னு பாத்திருக்காங்க. ஆரம்பத்துல "எனக்கு சயின்ஸ் வரும்"னு நம்பிக்கை உள்ள பசங்கதான் நெறைய டேட்டா எடுத்தாங்க, மத்தவங்க தயங்குனாங்க. ஆனா போகப்போக எல்லாருமே தேட ஆரம்பிச்சு, எத்தனை எடத்துல டேட்டா தேடுறாங்கங்கிறதுல அந்த நம்பிக்கை இருக்கு இல்லங்கிற வித்தியாசமே காணாமப் போயிடுச்சு.

எனக்கு எட்டாவதுல ஒரு டீச்சர் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் "உனக்கு சயின்ஸ் வராதும்மா"ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் லேப்ல நான் ஒரு தடவ கூட முன்னாடி நின்னதில்ல, அடுத்தவங்க ரீடிங்க பாத்து எழுதிட்டு வந்துடுவேன். ரிவர் சிட்டியில அந்த வார்த்தை உள்ள வர முடியாது, அங்க போற புள்ளைய யாரும் சுமார் ஸ்டூடன்ட்னு பாக்கல, நோயக் கண்டுபுடிக்க வந்த ஆளாத்தான் பாக்குறாங்க.

ஜேம்ஸ் பால் ஜீன்னு ஒரு மொழியியல் பேராசிரியர் இதுக்கு அழகா விளக்கம் குடுத்திருக்காரு. கேம் ஆடும்போது மூணு பேரு இருக்காங்களாம். நிஜமான நான், திரையில நான் ஆட்டுற கேரக்டரான அவ, அப்புறம் அவள நான் எப்படிப்பட்டவளா ஆக்கணும்னு நெனைக்கிறேனே அந்த மூணாவது ஆளு. அவரு ஆர்க்கேனம்னு ஒரு கேம்ல பொண்ணு கேரக்டர் எடுத்து ஆடியிருக்காரு. சாகப்போற ஒரு பெரியவர் அவகிட்ட ஒரு மோதிரத்தக் குடுக்குறாரு, இவரு அத வித்துட்டாரு. கேம் ரூல்படி தப்பே இல்ல. ஆனா அவ அப்படி செஞ்சிருக்கக் கூடாதுன்னு அவருக்கு உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. அந்த உறுத்தல் வர்ற எடத்துலதான் படிப்பு ஒட்டும்னு நான் நெனைக்கிறேன், தண்ணியில பாக்டீரியா எண்ணுற புள்ளைக்கும் அதே கதைதான், "நான் நல்ல விஞ்ஞானியா இருந்தா இன்னொரு தடவ எண்ணியிருப்பேனே"ன்னு தோணணும்.

கூடு விட்டு கூடு பாயுறதுன்னு நம்ம கதைங்கள்ல வருமில்ல, அப்படிப் பாஞ்சிட்டு திரும்பி வர்றப்போ என்ன ஆகும்? ஸ்டான்ஃபோர்டுல நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ரெண்டு பேரும் 2007-ல விஆர்ல, அதாவது கண்ணுல ஒரு கருவி மாட்டிக்கிட்டு பாக்குற கம்ப்யூட்டர் உலகத்துல, சிலருக்கு உயரமான அவதார், சிலருக்கு குட்டையான அவதார் குடுத்து, 100 டாலர பங்கு பிரிக்கிற மாதிரி பேரம் பேச வெச்சாங்க. உயரமானவங்க தனக்கு அதிகமா கேட்டாங்க, குட்டையா இருந்தவங்க அநியாயமான பங்குக்கும் சரின்னுட்டாங்க. அவங்க நிஜ உயரம் என்னவோ இருக்கட்டும்! 2009-ல இன்னொரு ஆய்வு. விஆர கழட்டிட்டு நேருக்கு நேர் உக்காந்து பேசுனப்பவும் அது தொடர்ந்துச்சு.

இதக் கேட்டப்போ சந்தோஷமாவும் இருந்துச்சு பயமாவும் இருந்துச்சுங்க. ஒரு புள்ள விஞ்ஞானியா உள்ள போய் அந்த நிமிர்வோட வெளிய வர முடியும்னா, குட்டையா ஆக்கப்பட்ட புள்ள குறுகிப்போயும் வெளிய வரும்தானே. அதனால புள்ளைங்களுக்கு இந்த மாதிரி சாஃப்ட்வேர் வாங்குறவங்க கிராஃபிக்ஸ் எப்படி இருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடி, உள்ள போனா என் புள்ள யாரா இருக்கும்னு கேளுங்க, ப்ளீஸ்.

அடுத்த வீடியோல வைவில்னு பசங்களுக்கான ஒரு ஆன்லைன் உலகம். 2002-ல அங்க வைபாக்ஸ்னு ஒரு நோய் பரவி, அவதார் மூஞ்சியெல்லாம் செகப்பா புள்ளி வந்து, பசங்க சாட் பண்ணும்போது நடுவுல தானா "அச்சூ"ன்னு தும்மல் விழுந்திருக்கு. யாஸ்மின் கஃபாய்னு ஒரு ஆராய்ச்சியாளர் அதப் பத்தி எழுதுனத படிச்சிட்டு இருக்கேன், முடிச்சிட்டு வர்றேன்.