குரொம்பிப் பாறையும் வாசல் பூசையும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரு பாறையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்தப் பாறை இப்போது கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் கான்கிரீட் கிடக்கிறது, பக்கத்தில் போர்க்கப்பல் நிற்கிறது.

தென் கொரியாவின் ஜேஜு, எரிமலைக் குழம்பில் உருவான தீவு. அதன் தென்கரையில் கங்ஜொங் என்ற ஊர். கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள், மீன்பிடி, மூச்சடக்கிக் கடலில் முக்குளிக்கும் பெண்கள் என்று ஓடும் பிழைப்பு. ஊரின் கடலோரத்தில்தான் குரொம்பி இருந்தது. 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை! ஒரே குழம்பாக வழிந்து அப்படியே உறைந்தது. அதன் இடுக்குகளில் நன்னீர் ஊறும். உப்புக்கடலை ஒட்டியே குடிக்கத் தண்ணீர் கிடைத்தால் மக்கள் சும்மா விடுவார்களா? அந்த ஊற்றை வைத்துச் சாமி கும்பிட்டார்கள்.

எதிரே கடலடியில் மென்பவளங்கள். 2004ல் அரசே அவற்றை இயற்கைச் சின்னம் என்று அறிவித்தது. 2005ல் தீவுக்கு ‘உலக அமைதித் தீவு’ என்ற பட்டமும் வந்தது. இரண்டே ஆண்டில், 2007ல், அங்கே கடற்படைத் தளம் என்றார்கள். எண்பது, தொண்ணூறு பேர் மட்டும் கூடிய கூட்டத்தில் கைதட்டியே சம்மதம் வாங்கியாயிற்று. விஷயம் பரவியதும் ஊரார் முறையாக வாக்கெடுப்பு வைத்தார்கள். வந்த 725 பேரில் 680 பேர் வேண்டாம் என்றார்கள். அது கணக்கில் சேரவில்லை.

இதே தீவில் 1948ல் தொடங்கிய அரசுப் படைகளின் அடக்குமுறையில் 25,000 முதல் 30,000 பேர் வரை மாண்டதாகக் கணிக்கிறார்கள். படை வருகிறது என்றால் அங்குள்ள கிழவிகளுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

2012 மார்ச் 7 அன்று பாறைக்கு வெடி வைத்தார்கள்.

அதற்கு முன்பே கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். ஜேஜு ஆயர் காங் உ-இல் வெளிப்படையாகவே எதிர்த்தார். காலையில் கட்டுமான வாசலில் நூறு முறை மண்ணில் விழுந்து வணங்குவார்கள். அது பௌத்த வழக்கத்திலிருந்து வந்தது, ஆனால் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே விழுந்தார்கள். அப்புறம் அதே வாசலில் திருப்பலி. சிமெண்ட் லாரி வந்தால் போலீஸ் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை உருட்டும் கன்னியரை நாற்காலியோடு தூக்கி ஓரமாக வைக்கும். லாரி போனதும் அவர்கள் திரும்ப வாசலுக்கே வந்துவிடுவார்கள். ஒரே நாளில் பலமுறை இப்படி நடக்கும். பார்க்கச் சிரிப்பாகக்கூட இருக்கலாம். அந்தப் பிடிவாதத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

எழுபது வயதைத் தாண்டிய அருட்தந்தை மூன் ஜொங்-ஹியோன், 2012 பெரிய வெள்ளியன்று துறைமுகத்தில் சிலுவைப்பாதை செய்தபோது, அலைதடுப்புக் கான்கிரீட் கட்டைகளின் மேலிருந்து விழுந்து முதுகெலும்பில் பலத்த அடிபட்டார். தேறியதும் திரும்ப அதே ஊருக்குத்தான் வந்தார்.

படைகள் பூமிக்குச் செய்யும் கேடு பெரும்பாலும் கண்ணுக்குப் படுவதில்லை. 1997 கியோட்டோ காலநிலை உடன்படிக்கையிலேயே ராணுவப் புகையின் பெரும்பங்குக்கு விலக்குக் கொடுத்தாகிவிட்டது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்திலும் கணக்குக் காட்டுவது அவரவர் விருப்பம்தான். உலகப் பசுங்குடில் வாயுக்களில் ராணுவங்களின் பங்கு சுமார் 5.5 சதவீதம் என்று 2022ல் ஒரு மதிப்பீடு வந்தது. சரி, அந்த எண்ணைக் கேட்டு யாராவது வாசலில் போய் விழுந்து கும்பிடுவார்களா? பாறைக்காக விழுந்தார்கள். அதில் தண்ணீர் ஊறியது, அதற்குப் பெயர் இருந்தது.

2016 பிப்ரவரியில் தளம் திறந்தது. ‘அழகிய சுற்றுலாத் துறைமுகம்’ என்றும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்! பணி தாமதமானதற்கு ஊராரும் ஆர்வலர்களும் சுமார் 340 கோடி வோன் நட்டஈடு தரவேண்டும் என்று அரசு வழக்குப் போட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2017 டிசம்பரில்தான் அது கைவிடப்பட்டது. பாறை போய்விட்டது, தளமும் வந்துவிட்டது, ஆனாலும் வாசல் பூசை நிற்கவில்லை.

2018 அக்டோபரில் அங்கே பன்னாட்டுக் கடற்படை அணிவகுப்பு நடந்தது. அமெரிக்காவின் ரொனால்ட் ரீகன் விமானந்தாங்கிக் கப்பலும் வந்திருந்தது. தென் கொரியாவின் அப்போதைய அதிபர் மூன் ஜே-இன் அன்று கப்பல்களைப் பார்வையிட்டுவிட்டு, அப்புறம் ஊருக்குள் போய் மக்களிடம் வருத்தம் தெரிவித்தார்.