நீந்தாமலே நகரும் கூட்டம்

வணக்கம் நேயர்களே, ரங்கூனிலிருந்து பேசுகிறேன். என் மேசைமேல் ஒரு கண்ணாடிப் புனலில் நீள அரிசியை நிரப்பி, அடிவாயை விரலால் அடைத்துப் பிடித்திருக்கிறேன். மணிகள் தாறுமாறாகக் கிடப்பது தெரிகிறதல்லவா? இப்போது விரலை எடுக்கிறேன். கழுத்தை நெருங்கும் மணிகள் மெல்லத் திரும்பி, ஓட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் நிற்பதைப் பாருங்கள்.

குறுகிய இடத்தில் வளரும், அரிசி மணிபோல் நீண்ட கோல் வடிவமுள்ள ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவும் இப்படித்தான் வரிசைப்படுகிறது. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே அடுக்காக மட்டும் செல்கள் பரவக்கூடிய மெல்லிய அறையில் அவற்றை வளர்த்து, தொடக்கத்தில் திசைக்கொன்றாகக் கிடந்தவை நெரிசல் கூடக்கூட வெளிவாயை நோக்கி இணையாகப் படுத்துக்கொள்வதை 2008இல் விளக்கினார்கள். அரிசியைப் புவியீர்ப்பு இழுக்கிறது. பாக்டீரியாவை இழுப்பார் யாருமில்லை. அந்த நெரிசலில் நீந்தவும் இடமில்லை. ஒவ்வொரு செல்லும் நீண்டு இரண்டாகும்போது அண்டையில் இருப்பதைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளலே ஓட்டமாகிறது.

இதில் நான் வியந்து வியந்து பார்ப்பது வேகக் கணக்கைத்தான். ஒரு முனை அடைபட்ட, 50 மைக்ரோமீட்டர் நீளமுள்ள கால்வாயில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை செல்கள் இரட்டிப்பதாக வைத்துக்கொள்வோம். வாசலில் உள்ள செல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.7 மைக்ரோமீட்டர் வேகத்தில் வெளியேறும். நடுவில் உள்ளது அதில் பாதி வேகத்தில் நகரும். அடிமுனையில் உள்ளதோ அசையாமல் அங்கேயே இருக்கும். தனக்குப் பின்னால் உள்ள அத்தனை செல்களின் வளர்ச்சியும் சேர்ந்துதான் ஒரு செல்லைத் தள்ளுகிறது என்பதே காரணம். அதனால், ஒரு செல் அகலமே உள்ள கால்வாயாக இருந்தால், சில தலைமுறைகளிலேயே அதில் இருப்பவை எல்லாம் அடிமுனைத் தாய்ச்செல்லின் வழிவந்தவையாகிவிடும். 2010இல் ஹார்வர்டில் அத்தகைய கால்வாய்களை அமைத்து, தாய்ச்செல்களை நூற்றுக்கணக்கான தலைமுறைகள் விடாமல் கவனித்தார்கள்.

இன்னும் குறுகினால் என்ன ஆகும்? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. செல்லின் பருமனில் ஏறத்தாழப் பாதியே அகலமுள்ள இடுக்கில் ஈ.கோலையால் நீந்த முடியவில்லை. ஆனால் நசுங்கி, உருக்குலைந்து, வளர்ந்து பிரிந்தபடியே அது மறுபுறம் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்த நாள் முதல், எங்கள் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியின் உருளையைத் துளை சிறியதுதானே என்று நான் நாள்கணக்கில் கழுவாமல் விடுவதில்லை.