குதிரை பேரம், அடிமாட்டு விலை

அனைவருக்கும் வணக்கம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னிடம், "ஊழலைப் பத்திப் பேசப்போறீங்களாமே, எத்தனை கோடி?" என்று கேட்டார். அவரை ஏமாற்றத்தான் போகிறேன். இன்றைய பேச்சில் கோடிகள் அதிகம் வராது. 15,000, ஒரு லட்சம், இந்த அளவுதான்.

2005 டிசம்பர் 12. டில்லியில் ஒரு தொலைக்காட்சி, ரகசியக் கேமராவில் எடுத்த படங்களை ஒளிபரப்பியது. கோப்ராபோஸ்ட் என்ற செய்தி இணையதளத்தின் நிருபர்கள், வட இந்தியச் சிறு உற்பத்தியாளர் சங்கம் என்று இல்லாத சங்கம் ஒன்றின் ஆட்களாக நடித்து, நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். சிக்கியவர்கள் 11 பேர், நான்கு கட்சிக்காரர்கள். குறைவாக வாங்கியவருக்கு 15,000 ரூபாய். அதிகமாக வாங்கியவருக்கு 1,10,000. கொடுத்த கேள்விகளில் ஒன்று, யோசேரியன் என்ற ஜெர்மன் ரயில் எஞ்சினை வாங்க ரயில்வே ஆர்டர் கொடுத்திருக்கிறதா என்பது. அப்படி ஒரு எஞ்சினே உலகத்தில் கிடையாது. ஒரு நாவல் பாத்திரத்தின் பெயரை நிருபர்கள் குறும்பாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். டிசம்பர் 23-ஆம் தேதி 11 பேரும் பதவி நீக்கப்பட்டார்கள்.

அன்று எல்லோரும் கேட்ட கேள்வி: இவ்வளவு மலிவா? கார்டன் டல்லக் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார். அரசாங்கத்தில் ஒரு கையெழுத்து விழுந்தால் கொடுத்தவருக்குக் கோடிகளில் லாபம். வாங்கியவருக்குப் போவதோ அதில் ஒரு துளி. ஏன் அவர் பங்கு கேட்பதில்லை?

வாங்குகிற ஆளின் பக்கமாக நின்று பார்ப்போம். கேள்வி நோட்டீஸில் கையெழுத்துப் போடுவதால் அவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. பேனா மையைச் சொல்லலாம். அவர் விற்பது அவருடைய பொருளே இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. தன் வீட்டு நெய்யாக இருந்தால் அடக்க விலை பார்த்திருப்பார். அதோடு, கடையும் ஒன்றல்ல. மக்களவையில் மட்டும் 543 இடங்கள். இவர் முறுக்கிக்கொண்டால் தரகர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அது இவருக்கும் தெரியும்.

சரி, விலை புரிகிறது. ஆனால் இத்தனை சின்னத் தொகைக்காகப் பதவியையே பணயம் வைப்பானேன்? தொகை சின்னதாக இருப்பதால்தான் வாங்க முடிகிறது என்பது என் வாதம். மேஜைமேல் பத்து கோடியை வைத்தால் யாருக்கும் கை நடுங்கும். அதற்கு லஞ்சம் என்ற பெயரைத் தவிர வேறு பெயர் பொருந்தாது. ஒரு லட்சத்துக்கு எத்தனையோ பெயர் வைக்கலாம்: அன்பளிப்பு, தேர்தல் செலவு, தொகுதியில் கல்யாணம் காதுகுத்துக்கு மொய் வைக்க. 2001-இல் தெஹல்கா என்ற செய்தி இணையதளத்தின் ரகசியக் கேமராவுக்கு முன்னால் ஒரு லட்சம் வாங்கிய பா.ஜ.க. தலைவர் பங்காரு லட்சுமண், அது கட்சி நிதி என்றார். கொடுத்தவர்கள் ராணுவத்துக்குக் கருவி விற்கும் கம்பெனிக்காரர்களாக நடித்தவர்கள். 2012-இல் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை விதித்தது. ஆளுங்கட்சியின் தேசியத் தலைவர், ஒரு லட்ச ரூபாய்.

பயமின்மையும் ஒரு காரணம். 1993-இல் நரசிம்ம ராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தப்பியது. அதற்காகப் பணம் வாங்கியதாகச் சில எம்.பி.க்கள் மீது வழக்கு. 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள்: பணம் வாங்கி, சொன்னபடி ஓட்டும் போட்டவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடாமல் இருந்தவருக்குக் கிடையாது. நாணயமான லஞ்சக்காரர் தப்பினார்! இந்தத் தீர்ப்பு மாற 2024 மார்ச் வரை ஆயிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் அரைகுறைக் கணக்கு. முழுக் கணக்கு வேண்டுமானால் தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே லஞ்சம் கொடுத்தவரே கணக்கு எழுதி வைத்திருந்தார்.

அவர் பெயர் விளாடிமிரோ மொண்டெசினோஸ். அன்றைய அதிபர் புஜிமோரியின் வலது கை, உளவுத்துறையை ஆட்டிவைத்தவர். யாருக்குப் பணம் கொடுத்தாலும் ரசீது வாங்குவார், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார், எல்லாவற்றையும் வீடியோவும் எடுத்துக்கொள்வார். நம் ஊர் வட்டிக்கடைக்காரர் தோற்றார்! வாங்கியவன் நாளைக்கு மாறினால் பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும் அல்லவா?

2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் புஜிமோரி கட்சிக்கு 120-இல் 52 இடங்களே கிடைத்தன. மீதியை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சியில் ஜெயித்த ஆல்பெர்டோ கௌரி என்பவர் சோபாவில் உட்கார்ந்து பேரம் பேசி, 15,000 டாலரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைய கணக்கில் சுமார் 7 லட்சம் ரூபாய். பின்னால் கேட்டபோது, அது கடன் என்றார். பெயர் மாற்றும் வித்தை கடல் தாண்டியும் ஒன்றுதான்.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த இரண்டு பொருளியலாளர்கள் மொண்டெசினோஸின் கணக்கையெல்லாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். நீதிபதிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அவர் கொடுத்த லஞ்சம் கிட்டத்தட்ட ஒரே அளவு, அரசியல்வாதிக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் ஒரு தொலைக்காட்சி முதலாளிக்குப் போனது ஒரு அரசியல்வாதிக்குப் போனதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. எதிர்க்கட்சிக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து மாதம் 3 லட்சம் டாலருக்கும் குறைவு. ஒரே ஒரு சேனலுக்கு, நான்காம் அலைவரிசைக்கு, மாதம் 15 லட்சம் டாலர்.

இதை நான் முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். யோசித்தால் நியாயம் தெரிகிறது. ஒரு எம்.பி. மக்கர் பண்ணினால் இன்னொருவரை வாங்கலாம். பெரும்பான்மைக்குத் தலைதான் கணக்கு, எந்தத் தலை என்று கணக்கில்லை. தொலைக்காட்சி அப்படியில்லை. ஐந்து சேனலை வாங்கி ஆறாவதை விட்டால், அது ஒன்றே போதும், எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிவிடும். அதனால் ஒவ்வொரு முதலாளியும் தன் விலையைத் தானே சொல்லலாம். கெடுக்க முடிந்தவனுக்குத்தான் ஆனை விலை. நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அந்தச் சக்தி இல்லை என்று மொண்டெசினோஸ் விலை போட்டிருக்கிறார்; அவமானம் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது, தொகையில் இல்லை.

ஆனால் அவரும் ஒரு இடத்தில் சிக்கனம் பார்த்துவிட்டார். கனால் என் என்று ஒரு சின்னக் கேபிள் சேனல். சந்தா அதிகம், பார்ப்பவர்கள் கொஞ்சம். இதற்கெல்லாம் எதற்குப் பணம் என்று விட்டுவிட்டார். 2000 செப்டம்பர் 14-ஆம் தேதி, கௌரி பணம் வாங்கும் வீடியோ அந்தச் சேனலில்தான் ஓடியது. மற்றவர்கள் அதை எடுத்துப் போடாமல் இருக்க முடியவில்லை. இரண்டே நாளில் புஜிமோரி புதிய தேர்தலை அறிவித்தார், தான் நிற்கப்போவதில்லை என்றார். நவம்பரில் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து ராஜினாமாவை ஃபேக்ஸில் அனுப்பினார்.